அத்தைக்கு ஓர் இடம்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். மலைக்குளிரில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன தடவை வந்தபோது மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய். ஐம்பது வயதானவளைப் பாப்பா என்று கூப்பிட்டே உன்னை இன்னும் ஓடச் சொல்கிறோம்.

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ இருக்கும் மலையில் லைன் பாதியிலேயே போய்விடுகிறது. தவிர, கூடத்தில் நின்று பேசினால் அத்தை காது முழுதும் என் பக்கம்தான் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நான் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் அத்தை வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருக்கிறது. உன் அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்பது ரயில்வேக்கே தெரியாது. அத்தைக்கும் மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது. பகலிலும் இரவிலும் ஆள் இருக்கிற இடமாக இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அவசரம் ஒன்றுமில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வலது கையில் சின்னக் கட்டு. தொழிற்சாலையில் பட்டது. இடது கையால் எழுதுகிறேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தேவலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நலமாக இருக்கிறேன். உங்கள் கை சீக்கிரம் ஆறட்டும்.

படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மூன்று மாதத்துக்கு முன் நான் வந்தபோது அம்மா நன்றாகத்தானே இருந்தாள். அப்பா வேலை பார்த்த ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். மறதி என்கிறீர்கள். எழுபத்தெட்டு வயதில் யாருக்கு மறதி இல்லை? இந்த விடுதியில் இருக்கிற பதினாறு வயசுப் பெண்களுக்கே இருக்கிறது.

அண்ணன் என்ன சொல்கிறான்? உங்கள் கடிதத்தில் அவன் பேச்சே இல்லை. பெற்ற பிள்ளை வாயைத் திறக்காமல், வந்தவர்கள் முடிவு செய்கிற விஷயமா இது?

உங்களுக்கு அலுத்துவிட்டது என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடியும். அம்மாவை வெளியே தள்ளுவதற்கு மறதியைக் காரணம் காட்ட வேண்டாம். காப்பாளர் அறையில் அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் நானே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். அதுவரை எங்கும் சேர்த்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? பதிலே காணோம். தபால் தவறிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு தவறியிருக்காது என்று தோன்றியது.

அனுமதி கிடைக்கவில்லை. விடுதியில் குடும்பத்தாரைத் தங்க வைக்க விதி இடம் தராதாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன் போட்டால் அம்மாதான் எடுக்கிறாள், 'யாரும் வீட்ல இல்லீங்க' என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

கை எப்படி இருக்கிறது?

பாப்பா


பிப்ரவரி 27

பாப்பாவுக்கு,

அண்ணன். சௌக்கியமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தெரியும். வண்டி ஒரு ஸ்டேஷனில் சிக்னலுக்காக நிற்கிறது. எஞ்சினில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் உன் அண்ணி சொன்னாள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவள் கை தொழிற்சாலையில் அடிபடவில்லை. கடைக்குப் போய்விட்டு உள்ளே வந்திருக்கிறாள். அம்மா அவளைத் திருட வந்தவள் என்று நினைத்து இரும்புக் கதவைப் போட்டு நெரித்துவிட்டாள். இரண்டு விரல் முறிவு. கதவைத் திறக்கச் சொல்லி இவள் கத்த, அம்மா உள்ளிருந்து போலீஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் சுவரேறிக் குதித்துக் கதவை இழுத்தார். சாயங்காலம் கட்டோடு வந்தவளைப் பார்த்து, 'என்ன ஆச்சு கைக்கு? பாத்து நடக்கக் கூடாதா?' என்று அம்மாவே கேட்டாள்.

இது முதல் தடவை இல்லை. அதற்கு முன் அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அதற்கும் முன் ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்பி ரயில் பாதை ஓரமாகப் போயிருக்கிறாள். கேட் கீப்பர் அடையாளம் தெரிந்து உட்கார வைத்திருந்தார். நான் ஓட்டுகிற பாதை அது. நீ வந்திருந்தபோது நன்றாக இருந்தாள், உண்மைதான். யாராவது வந்தால் நன்றாக இருக்கிறாள். அவர்கள் போனதும் மாறிவிடுகிறாள்.

உன் அண்ணி வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. லீவு முடிந்துவிட்டது. தொழிற்சாலையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. வண்டிக்கு வந்துவிட்டால் நிம்மதி என்று இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து உறையில் போட்டாள். போய் அம்மாவுக்குத் துணி மாற்றினாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

சிக்னல் விழுந்துவிட்டது.

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் உங்கள் கை. விரல் மடங்குகிறதா? கட்டைப் பிரித்தபிறகு வெந்நீரில் வைத்து மெல்ல மெல்ல மடக்கிப் பழக வேண்டும். இங்கே ஒரு பெண் வாலிபால் ஆடி விரலை ஒடித்துக்கொண்டாள், பயிற்சியைச் சோம்பலில் விட்டுவிட்டாள். இன்னும் பேனா பிடிக்கச் சிரமப்படுகிறாள். நீங்கள் விடாதீர்கள்.

அண்ணன் எழுதினான். அவனைத் திட்டாதீர்கள். நான் எழுதிய அந்தக் கடிதத்தை உறையோடு கிழித்துப் போட்டுவிடுங்கள். இதற்குமேல் அதைப்பற்றி எழுதத் தெரியவில்லை.

நான் தூரத்தில் இருக்கிறேன். இல்லம் தேடி அலைய வேண்டியது நீங்கள். என்னால் ஆகிற உதவி ஒன்றே ஒன்றுதான். இருபது வருடமாக விடுதி நடத்துகிறேன். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் நாங்கள் என்னென்ன செய்வோம் என்பது எனக்குத் தெரியும். புது விரிப்பு போடுவோம். குழாயை ஒழுகாமல் கட்டிவைப்போம். முகம் தொங்கிய பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பிவிடுவோம். சமையலறையில் அன்றைக்கு மட்டும் எல்லோர் தலையிலும் தொப்பி இருக்கும். அந்த இல்லங்களிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், இதைத்தான் செய்வார்கள்.

அதனால் சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா என்று பாருங்கள். நிற்கிறவர் அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். படுத்திருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள். கூப்பிடு மணி கைக்கு எட்டுகிறதா, தண்ணீர் எட்டுகிறதா பாருங்கள். மணியை நீங்களே அடித்துவிட்டு யாராவது வருகிறார்களா என்று காத்திருங்கள். தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக வெளியே போவது என்று கேளுங்கள், அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேலை செய்கிறவர்களோடு தனியாகப் பேச்சுக் கொடுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும். வாசம் ஒன்றுமே இல்லாத இடத்தை நம்பாதீர்கள். மனிதர் இருக்கிற இடத்தில் ஏதாவது ஒரு வாசம் இருக்கத்தான் செய்யும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் இங்கே யாராவது விழுந்தார்களா என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்கிற முகத்தைப் பாருங்கள்.

நீங்கள் தொழிற்சாலையில் துணியில் குறை தேடுகிற கண்ணோடு பார்ப்பீர்கள். எனக்குப் பயமில்லை.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் கால்வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே, தேய். என் விரல் ஒன்று மடங்குகிறது, இன்னொன்று யோசிக்கிறது.

மூன்று இடம் பார்த்தேன். நான் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் அத்தையோடு இருந்தார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் இடம் கண்ணாடிக் கட்டடம். வாசலில் மீன் தொட்டி. மீன்களுக்கு நல்ல கவனிப்பு. வரவேற்பில் இருந்த பெண், 'முன்னாடியே சொல்லிட்டு வந்தா நல்லா சுத்திக் காட்டுவோம் மேடம்' என்றாள். 'சுமாராக் காட்டினாலும் போதும்மா' என்றேன். மேலாளர் வந்து கூட்டிப்போனார். விரிப்பெல்லாம் வெள்ளை. நான் பழக்கதோஷத்தில் ஒரு விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீழே மெத்தையில் கறை, அதற்குமேல் பிளாஸ்டிக், அதற்குமேல் வெள்ளை. மணி கட்டிலுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தது. ஏன் என்றேன். 'சும்மா சும்மா அடிக்கிறாங்க மேடம்' என்றார். அவசரக் கதவைத் திறக்கச் சொன்னேன். பூட்டியிருந்தது. முன்னால் சக்கர நாற்காலிகள் அடுக்கியிருந்தன. 'சாவி யார்கிட்ட?' என்றேன். அவர் அவரைக் கேட்க, அவர் இவரைக் கேட்க, நான் டீ குடித்து முடித்துவிட்டேன். சாவி வரவில்லை.

இரண்டாவது, ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டிலேயே நடத்துவது. தங்கமான மனிதர்கள். எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எழுந்திருக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருக்கிறார்கள். இரவில் அந்த அம்மாள் ஒருத்திதான். மாடிப்படி நம் வீட்டுப் பரண் ஏணி மாதிரி. நல்ல மனசு மட்டும் இருந்து, தீப்பிடித்தால் என்ன செய்வது? வருத்தத்தோடுதான் வந்தேன்.

மூன்றாவது இடம் சந்தைக்குப் பின்னால். ஒரே இரைச்சல். சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. உள்ளே நுழையும்போதே டி.வி.க்காக இரண்டு கிழவிகள் சண்டை. சமையல் வாசமும் சோப்பு வாசமும் கொஞ்சம் மூத்திர வாசமும். ஊட்டிவிடுகிற பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை வருடம் என்றேன். 'என் பொண்ணு பொறந்தப்ப வந்தேன், இப்ப அது காலேஜ்' என்றாள். மணியை அடித்தேன். ஒருத்தி ஓடிவந்து, கட்டிலில் யாரும் இல்லாததைப் பார்த்து என்னை முறைத்தாள். அந்த முறைப்பு எனக்குப் பிடித்தது.

பொறுப்பாளர் ஓர் அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தோடு தொங்கவிட்டிருப்பார். போன மாதம் யாராவது விழுந்தார்களா என்று கேட்டேன். 'நேத்துகூட ஒருத்தர் விழுந்தார். குளியலறையில. கைப்பிடி ஆடிச்சு, அதை நான் கவனிக்கலை. காலைல ஆள் வந்து மாத்திட்டுப் போனான்' என்றார். கூட்டிப்போய்க் காட்டினார். சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

மூன்றாவது இடத்திலேயே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். உனக்குச் சரி என்றால் மட்டும்.

அன்புடன்,
அண்ணி


மே 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் சம்மதக் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எழுதத் தாமதமாகிவிட்டது. அத்தையைச் சேர்த்துவிட்டோம்.

உன் அண்ணன் லீவு போட்டிருந்தார். காரில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். இறங்கியதும், 'யார் வீடு இது?' என்றார். உன் அண்ணன் காரின் பின்பக்கம் போய்ப் பையை இறக்க ஆரம்பித்தார். 'கொஞ்ச நாள் தங்கற இடம் அத்தை' என்றேன் நான். அறைக்குப் போய்த் துணிகளை அலமாரியில் வைத்தேன். ஸ்வெட்டர், போர்வை, உன் அப்பா படம் எல்லாம் எடுத்துப்போயிருந்தேன். எல்லாத் துணியிலும் உள்பக்கம் சிவப்பு நூலால் ஓர் அடையாளத் தையல் போட்டிருக்கிறேன். அங்கே துவைக்கிற இடத்தில் மாறிப்போகும் என்று சொன்னார்கள்.

கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, 'என்ன விட்டுட்டுப் போறியா?' என்றார். அன்றைக்குப் பார்த்து என்னைத் தெளிவாக அடையாளம் தெரிந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான், 'நாளைக்கு வரேன் அத்தை' என்றேன். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும்.

முதலில் கொஞ்ச நாள் கத்தினார், கதவைத் தட்டினார். இப்போது பழகிவிட்டார் என்கிறார்கள். மிகவும் அமைதியாக இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்ப மனசில்லாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். 'உங்க மாமியார் மாதிரி யாரும் கிடையாது, தொந்தரவே இல்ல' என்று பொறுப்பாளர் சொல்கிறார்.

வீடு விசாலமாக இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சுகமும் அண்ணன் சுகமும் தெரிந்தது. நான் நன்றாக இருக்கிறேன், தைலம் தேய்க்கிறேன்.

அம்மாவைச் சேர்த்த அன்றைக்கு நீங்கள் என்ன பட்டிருப்பீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன், இப்போது வேறு பேச வேண்டியிருக்கிறது.

அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்றைக்கு அமைதியாக இருந்தாள்? அப்பா இறந்த வீட்டிலேயே பந்தல்காரனோடு சண்டை போட்டவள். என் விடுதியில் ஒரு பிள்ளை திடீரென்று தொந்தரவே இல்லாமல் ஆகிவிட்டால், மற்றவர்கள் நிம்மதி என்பார்கள். நான் அன்றைக்கே அதன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பகலில் எப்போது போனாலும் தூங்குகிறாள் என்றால் அது பழக்கம் இல்லை, அண்ணி.

நீங்கள் எப்போதும் சாயங்காலம் போகிறீர்களா? காலையில் போய்ப் பாருங்கள். எழுப்பிப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா, நடக்கும்போது கால் இழுக்கிறதா பாருங்கள். ஊட்டிவிடுகிற அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். மேலே இருப்பவரிடம் கடைசியில் கேட்டால் போதும்.

நான் அதிகமாகப் பயப்படுகிறேன் என்றால் நல்லதுதான். பயந்தது வீணாகப் போகட்டும்.

உங்கள்,
பாப்பா


ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே இப்போது எல்லோரும் நலம். ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் பாதியைத்தான் எழுத முடிந்திருக்கும். பாதியைக் கேட்டு நீ அங்கே தூங்காமல் கிடக்க வேண்டாம் என்று இருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் போனேன். அத்தை தூக்கம். எழுப்பினேன். கண் பாதி திறந்தது. 'அத்தை' என்றால் நாக்கு தடித்துப்போய் ஏதோ சொன்னார். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உடை மாற்றும்போது பார்த்தேன், இடுப்பில் கன்றிப்போன நீலம்.

ஊட்டிவிடுகிற பெண்ணை வராந்தாவில் பிடித்தேன். அங்கே எல்லோரும் அவளைச் சிட்டு என்கிறார்கள். 'ராத்திரி எந்திரிச்சு நடக்கறாங்கக்கா. அதுக்கு ஒரு மாத்திரை. முதல்ல பாதி, இப்ப முழுசு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க' என்றாள். சொல்லவில்லை. நேராகப் பொறுப்பாளர் அறைக்குப் போனேன்.

'எங்க அத்தைக்குத் தூக்க மாத்திரை குடுக்கறீங்களா?'

அவர் கண்ணாடியைக் கழற்றினார். 'குடுக்கறோம். ராத்திரி நடக்கறாங்க. விழுந்துட்டா நீங்கதான் வந்து கேப்பீங்க.'

'கேப்பேன். இதையும் கேக்கறேன். டாக்டர் நேர்ல பாத்தாரா?'

'போன்ல சொன்னார்.'

'என்கிட்ட ஏன் சொல்லல?'

'சொன்னா வேணாம்பீங்க.'

'இடுப்புல அடி பட்டிருக்கே, அது?'

'அது... பகல்ல, நடக்கறப்ப தடுமாறி.'

'மாத்திரை போட்ட தடுமாற்றம்தானே?' என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுக்கவில்லை.

நான் அறைக்கு வந்து அத்தையின் பையை எடுத்துத் துணிகளை வைக்க ஆரம்பித்தேன். உன் அண்ணன் வெளியே பெஞ்சில் இருந்தார். பையைப் பார்த்ததும், 'வீட்டுக்கா?' என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், பாப்பா. வரவில்லை. வீட்டில் இரும்புக் கதவு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தெருவைத் தாண்டினால் ரயில் பாதை இருக்கிறது. அங்கே நான் ஒருத்தி இருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் கூட்டிக்கொண்டு போகலாம், அடுத்த வாரம் என்ன செய்வேன்? கொஞ்ச நேரம் கழித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நீ என்னைத் தப்பாக நினைப்பாய் என்று அப்போதும் தோன்றியது. ஆனாலும் வைத்தேன்.

மறுபடி பொறுப்பாளரிடம் போனேன். 'கூட்டிட்டுப் போகப் போறதில்ல. இங்கேயேதான் இருப்பாங்க. அதனால இத நீங்க சரி பண்ணியே ஆகணும்' என்றேன். நான் கத்தியிருந்தால் அவருக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். இதைக் கேட்டு எனக்கு டீ சொன்னார்.

அன்று சாயங்காலமே டாக்டரை நேரில் வரவழைத்தார். சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் அவர். அதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. இடுப்பில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அத்தையைப் பணிப்பெண்கள் உட்காரும் இடத்துக்கு அடுத்த அறைக்கு மாற்றினார்கள். கட்டில் காலை வெட்டித் தாழ்த்தினார்கள். வராந்தாவில் விளக்கு போட்டார்கள். இரவில் அத்தை எழுந்தால் சிட்டுவோ இன்னொருத்தியோ கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கிறார்கள். நாலு நடை நடந்தால் தானே படுத்துவிடுகிறாராம். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று பொறுப்பாளர் தானாகவே சொன்னார். இனி எந்த மருந்தானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான். என் முன்னாலேயே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

இப்போது உனக்குப் பிடித்த செய்தி. நேற்று அத்தை பக்கத்துக் கட்டில் அம்மாளோடு போர்வைக்காகச் சண்டை போட்டு, டம்ளரை விட்டெறிந்திருக்கிறார். சிட்டு சிரித்துக்கொண்டே புகார் சொன்னாள். கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, எதிர் அறைக்காரி என்று நினைத்து மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி சரியான குறைதான்.

தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் போகிறேன்.

லீவு கிடைத்தால் ஒரு தடவை வா.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணிக்கு,

சேமமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள். மலையில் மழை விட்டிருக்கிறது, பிள்ளைகள் துணிகளை எல்லாச் சன்னலிலும் காயப்போட்டு விடுதியைக் கப்பல் மாதிரி ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். ரயில் மத்தியானம்தான் வரும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? காலையிலேயே உங்கள் ஊரில் இறங்கிவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து பெட்டியோடு நேராக இல்லத்துக்குத்தான் போனேன். உங்களை நம்பாமல் இல்லை. என் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. யாரிடமும் இன்னார் மகள் என்று சொல்லவில்லை. இடம் பார்க்க வந்தவள் மாதிரி சுற்றினேன். அவசரக் கதவைத் தள்ளினேன், திறந்தது. குளியலறைக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறை. அப்புறம் அம்மா அறை.

அம்மா தலை வாரி, சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. என்னைப் பார்த்தாள். தெரியவில்லை. அது தெரிந்துதான் வந்தேன், ஆனாலும் கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மணி எட்டுகிறதா, தண்ணீர் எட்டுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

'நீங்க ஆபீஸ்லேருந்து வர்றீங்களா?' என்றாள் அம்மா. 'எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்களே.'

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

'உக்காருங்க. சாப்பாட்டுல உப்பு கம்மி. அத எழுதிக்கோங்க. மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. ராத்திரி நடக்கணும்னா கூட வர்றாங்க.'

எழுதிக்கொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'உங்களுக்கு அம்மா இருக்காங்களா?'

'இருக்காங்க.'

'கூடவா?'

'இல்ல. நான் வெளியூர். எங்க அண்ணிதான் பாத்துக்கறாங்க.'

'மருமகளா? அவங்க எப்படி?'

'நல்லவங்க.'

'மாமியார் படுத்தறாளா?'

'கொஞ்சம்.'

அம்மா சிரித்தாள். அப்பா இருந்த காலத்தில் சிரித்த சிரிப்பு. 'படுத்துவா. வயசானா புத்தி நம்ம கையில இல்ல' என்றாள். அப்புறம் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

'உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க. அவளுக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல. முடியலன்னா இங்க கொண்டுவந்து விடட்டும். இதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான் சொன்னேன்னே சொல்லுங்க.'

சொல்கிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். உங்களோடு இருந்த நாட்களில் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேஷனில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் சாப்பாட்டு டப்பாவைச் சாய்க்காமல் வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், வண்டி கிளம்பிவிட்டது.

அதனால் எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள்,
பாப்பா